குடிக்காதவர்கள் நடத்திய காடி ஆலை

இனிப்பைப் புளிப்பாக்கிப் பிழைக்கிற தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு: காலையில் வேலைக்குக் கிளம்புகிறவனுக்கே தான் என்ன செய்யப் போகிறோம் என்று தெளிவாகச் சொல்ல வராது. படிக்கிற உங்களில் காடி போட்டு விற்றவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள். ஆனால், "அங்கே நீ என்னதான் வேலை பார்க்கிறாய்?" என்று பெண் வீட்டார் கேட்டபோது பேந்தப் பேந்த விழித்தவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று போடி ரயிலின் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கப்பலில் வந்துகொண்டிருந்த சாமான்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அவற்றில் ஒன்று, குமுளிக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் ரப்பர்ப் பாலை உறைய வைக்கிற திராவகம். நாம் பாலுக்கு உறைமோர் விடுகிறோமே, அது மாதிரி ரப்பர்ப் பாலுக்குப் புளிப்பான திராவகத்தை விட வேண்டும். விடாவிட்டால் அது கட்டியாகாது, தகடாகாது, யுத்தத்துக்கும் ஆகாது.

தேனி பஜாரில் வெல்ல மண்டி வைத்திருந்த ஞானமுத்து முதலாளிக்கு அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. பதம் தப்பி இளகிப்போன வெல்லத்தை கரும்பு போடுகிற எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் மாட்டுக்குத்தான் கரைத்து ஊற்றுவார்கள். அதை வாங்கிப் புளிக்க வைத்தால், துரைமார் வினிகர் என்று சொல்லும் காடி கிடைக்கும். அந்தத் திராவகம்தான் காடியிலும் இருக்கிறது. கொஞ்சம் நீர்த்து இருக்கிறது, அவ்வளவுதான். வீணாய்ப் போகிற பண்டத்திலிருந்து ஊருக்கு வேண்டிய பண்டம். காதுக்கு என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

தெரியாதவர்களாகப் பொறுக்கி எடுத்தது

நான் கெங்குவார்பட்டிக்காரன். மூன்றாம் பாரம் வரைக்கும் படித்துவிட்டு, மேலே படிக்கவும் வழியில்லாமல், வயலில் இறங்கவும் கூச்சப்பட்டுக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தேன். ஜெயமங்கலத்தில் என் தாய்மாமன் சுப்பையா இருந்தார். அவர் மகள் வடிவு எனக்கு முறைப்பெண். வடிவைக் கட்ட வேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு லட்சியம் எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை. மாமாவும் மறுப்புச் சொல்லவில்லை. "ஏலே, மொதல்ல ஒரு வேலையத் தேடிக்கிட்டு வா, மத்ததப் பெறகு பேசிக்கிருவோம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அதனால்தான் ஞானமுத்து முதலாளியின் முன்னால் போய்க் கைகட்டி நின்றேன்.

அவர் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை, கையெழுத்தைப் பார்க்கவில்லை. "வாயை ஊது" என்றார். ஊதினேன். மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் ஊதச் சொன்னார். ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவர்; மதுவிலக்குப் பிரசங்கத்துக்கென்று சொந்தச் செலவில் பந்தல் போட்டவர். வாய் நாறுகிறதா இல்லையா என்று அவருக்கு நிச்சயப்படவில்லை போலிருக்கிறது. கடைசியில் நேராகவே கேட்டார், குடிப்பியா என்று. சத்தியமாக இல்லை என்றேன். மோந்தாவது பார்த்திருக்கிறாயா என்றார். அதுவும் இல்லை என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப நல்லது தம்பி. நானும் இல்ல. இங்கன வேலை பாக்குற ஒருத்தருக்குமே அது எப்படி இருக்கும்னு தெரியாது. தெரியாதவுகளாத்தான் பொறுக்கி எடுத்து வச்சிருக்கேன்."

"ஒரு மாதிரி"

வீரபாண்டி போகிற பாதையில் பருத்தி மூட்டை அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கிதான் எங்கள் ஆலை. உள்ளே வரிசையாக மரப் பீப்பாய்கள். வெல்லத்தை வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவிட்டு, ஒரு பிடி உலர்ந்த திராட்சையைப் போட்டுப் பீப்பாயில் ஊற்றுவோம். வாய்க்கு மெல்லிய துணியைக் கட்டிவிடுவோம். காற்றுப் பட்டால்தான் புளிக்கும் என்று மதுரையில் ஒரு ரசாயன வாத்தியாரிடம் முதலாளி கேட்டுக்கொண்டு வந்திருந்தார். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் நடுவில் ஒரு சங்கடம் இருந்தது. வெல்லத் தண்ணீர் ஒரேயடியாகக் காடியாகிவிடாது. முதலில் சாராயத்துக்கு உறவாகிவிட்டு, அதற்குப் பிறகுதான் காடியாகும். இந்த விஷயத்தை வாத்தியார் சொன்ன அன்று முதலாளி மதியச் சாப்பாடு சாப்பிடவில்லையாம். கடைசியில் அதற்கு ஒரு பெயர் வைத்து மனதைத் தேற்றிக்கொண்டார். அந்தப் பெயர் 'ஒரு மாதிரி'.

என்னோடு வேலை பார்த்தவர் சோலையண்ணன். பெரிய உருவம், பரம சாது, காபி கூடக் குடிக்க மாட்டார். ஒரு நாள் அவர் முதலாளியிடம், எப்போது 'ஒரு மாதிரி' முடிந்து காடி ஆரம்பிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. முதலாளி பீப்பாயைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"மொதல்ல இனிக்கும் சோலை. அப்புறம் ஒரு மாதிரியா இருக்கும். அப்புறம் புளிக்கும். அந்த ஒரு மாதிரிய மட்டும் யாரும் நாக்குல வச்சுறாதீக, ஆண்டவருக்குப் பதில் சொல்ல முடியாது."

எருமையின் குணம்

எதையும் வீணாக்கக் கூடாது என்பது முதலாளியின் கொள்கை. பீப்பாயின் அடியில் தங்குகிற வண்டலைக் கொட்ட மனம் வராமல், பக்கத்தில் எருமை வளர்க்கிற பேச்சியம்மாளுக்கு இனாமாகக் கொடுக்கச் சொன்னார். எந்தப் பீப்பாய் எந்த நிலையில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தால்தானே? நானும் சோலையண்ணனும் ஒரு பீப்பாயைச் சாய்த்து, இரண்டு தவலை வண்டலை வழித்துக் கொடுத்து அனுப்பினோம்.

மறுநாள் பேச்சியம்மாள் வேகமாக வந்தாள். எருமை செத்துப்போயிற்றோ என்று நினைத்தேன். சோலையண்ணன் பீப்பாய்க்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவள் சண்டைக்கு வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு இரகசியம் மாதிரி சொன்னாள்:

"தம்பி, அது ஆளை அண்டவிடாம ஒதைக்கிற எருமை. நேத்துச் சாயங்காலம் என் மடியில தலய வச்சுப் படுத்துக்கிருச்சு. இன்னும் ரெண்டு தவலை இருக்கா?"

எதற்கு ஆகும்?

ரப்பர் தோட்டத்துக்கென்று எடுத்து வைத்ததுபோக மிச்சம் இருந்ததைப் போத்தலில் அடைத்து மண்டியிலேயே விற்றோம். ஊறுகாய்க்கு ஊற்றலாம், பித்தளை துலக்கலாம், காய்ச்சல்காரனுக்குத் தண்ணீரில் கலந்து நெற்றியில் துணி போடலாம், தோல் பதனிடுகிறவர்களும் கேட்கிறார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி அடுக்குவார். ஒரு சாமான் ஒரு காரியத்துக்கு ஆகும் என்றால் சனங்கள் நம்புவார்கள். பத்துக் காரியத்துக்கு ஆகும் என்றால் சந்தேகம் வந்துவிடும்.

பண்ணைப்புரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். முதலாளி சொன்னது முழுவதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போத்தலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிளம்பி நாலு கடை தாண்டிப் போனவர் திரும்பி வந்தார்.

"எல்லாம் வெளங்குச்சுய்யா. குடிக்கிறதா தேய்க்கிறதா, அத மட்டும் சொல்லிப்புடுங்க. வீட்டுல கேப்பாக."

மலை ஏறிய பீப்பாய்

முதல் பெரிய சரக்கு ரப்பர் தோட்டத்துக்குப் போனதுதான் எங்கள் தலையெழுத்தை மாற்றியது. முதலாளி, நான், சோலையண்ணன் மூன்று பேரும் பீப்பாயைச் சுற்றி நின்று ஆளுக்கொரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தோம். புளித்தது. புளித்தால் காடிதான் என்று ஏகமனதாகத் தீர்மானித்து வண்டியில் ஏற்றிவிட்டோம். புளிப்போடு கூட இன்னொன்றும் அதில் மிச்சம் இருந்தது. அதன் ருசி தெரிந்த நாக்கு எங்களில் ஒருவரிடமும் இல்லை. இப்படி ஒரு தவறை உலகத்தில் வேறு எந்த ஆலையாவது செய்திருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். வேறு எங்கேயாவது இருந்தால் குடிக்கிறவன் ஒருவனாவது வேலைக்கு இருந்திருப்பான்.

சில நாள் கழித்துத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை குருப்பு மலையிலிருந்து இறங்கி வந்தார். மலையாளி; ஆனால் கம்பம் சந்தைக்கு வந்து வந்து தமிழ் நன்றாகப் பேசுவார். ரப்பர்ப் பாலில் எங்கள் காடியை எவ்வளவு ஊற்றியும் அது உறையவில்லையாம். உதவாத சரக்கு என்று பீப்பாயை ஓரமாக உருட்டி வைத்திருக்கிறார்கள். மறுநாள் விடிந்தால் பால் வெட்டப் போக ஓர் ஆள்கூட எழுந்திருக்கவில்லை. துரை குதிரையில் வந்து பார்த்துவிட்டு, ஏதோ விஷக் காய்ச்சல் என்று டாக்டருக்கு ஆள் அனுப்பினாராம். டாக்டர் வந்து, நாடி பிடிக்காமல் பீப்பாயைப் போய் மோந்து பார்த்திருக்கிறார். குருப்பு இதையெல்லாம் சிரிக்காமல் சொல்லி முடித்தார். பிறகு முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார்:

"முதலாளி, பால் உறைஞ்சில்லா. ஆளுகளுதான் உறைஞ்சு கெடந்தாங்க."

முத்திரை

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்த வாரமே அப்காரி இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். கள்ளுக்கும் சாராயத்துக்கும் காவல் பார்க்கிற இலாகா அது. கண்ணாடி போட்ட, ஒல்லியான, மரியாதையான மனிதர். சத்தம் போடவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகப் பயமாக இருந்தது. ஒரு பீப்பாயைத் தட்டி, "இது என்ன?" என்று கேட்டார். காடி என்றார் முதலாளி. இப்போது காடியா என்று கேட்டார். இனிமேல் ஆகும் என்றார் முதலாளி. அப்படியானால் இப்போது என்ன என்று கேட்டார். முதலாளிக்குப் பொய் சொல்லத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு மாதிரி" என்றார். அப்படி ஓர் இனம் சட்டத்தில் இல்லை என்று இன்ஸ்பெக்டர் வருத்தத்தோடு தெரிவித்தார்.

யாரும் எடுத்துக் குடித்துவிடக் கூடாதென்று எல்லாப் பீப்பாய்க்கும் துணியை அவிழ்த்துவிட்டு மரத்தக்கை அடித்து, மேலே அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார். காற்றுப் படாவிட்டால் அது காடியாகவே ஆகாது, இப்படியே இருந்துவிடும் என்று முதலாளி கெஞ்சினார். காடியாகாததைத் திறந்து வைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார் அவர். திறந்தால்தான் காடியாகும், காடியானால்தான் திறக்கலாம். நான் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருந்தது. யார் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஆட்டினேன். இன்ஸ்பெக்டர் போகும்போது ரொம்ப அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்:

"காடியாயிட்டா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஆனதும் ஆள் அனுப்புங்க, நானே வந்து திறந்து விடறேன். ஆகற வரைக்கும் திறக்கப்படாது."

மாமா செய்த மறியல்

பனை மரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் பீப்பாயில் வைத்திருந்ததோ பாலும் இல்லை. சேதி ஜெயமங்கலத்துக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்? என் மாமா சுப்பையா சாதாரண ஆள் இல்லை. கதர்தான் கட்டுவார். பெரியகுளம் வட்டாரத்தில் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்து ஜெயிலுக்குப் போய் வந்தவர். குடிக்க வருகிறவர்களைத் திட்ட மாட்டார், அடிக்க மாட்டார். வழியில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு, உள்ளே போகாதீர்கள் என்று கேட்பார். அதற்கே பாதிப் பேர் கூசித் திரும்பிவிடுவார்கள் என்று சொல்வார்கள்.

ஒரு காலையில் நான் வேலைக்குப் போனபோது கிட்டங்கி வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக் கதர் வேட்டி, கையில் ஒரு சின்னக் கொடி. என்னைப் பார்த்து அதுவரை 'ஏலே' என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் சொன்னதில்லை. அடி வாங்கியிருக்கிறேன், தோளில் ஏறியிருக்கிறேன். அன்றைக்கு அவர் யாரோ முன்பின் தெரியாதவனைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்துக் கைகுவித்தார். நான், "மாமா, இது காடிக் கம்பெனி" என்றேன். "இப்ப உள்ள இருக்கிறது காடியா?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் கேட்ட அதே கேள்வி. முதலாளி சொன்ன பதிலையே நானும் சொன்னேன்.

வடிவு கை நழுவிப் போகிறது என்று அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கொடுத்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. கும்பிட்ட கையை இறக்காமலே சொன்னார்:

"ஐயா, உங்களக் கும்புட்டுக் கேட்டுக்கிறேன், உள்ள போகாதீக. போனீகன்னா, வடிவு பேச்ச இதோட விட்டுருங்க."

நான் உள்ளே போகவில்லை. திரும்பியும் போகவில்லை. வாசலுக்கு எதிரே இருந்த புளிய மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மறியல் செய்துகொண்டு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். உச்சி வெயிலில் சோலையண்ணன் வந்து இரண்டு பேருக்கும் நீர்மோர் கொடுத்தார். மாமா வாங்கி மோந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.

மாதிரிப் போத்தல்

சாயங்காலம் மாமா ஊருக்குப் போய்விட்டார். வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் வேலை இல்லாதவனுக்குப் பெண் இல்லை. விடாவிட்டால் சாராயக்காரனுக்குப் பெண் இல்லை. பீப்பாய் காடியாவதைத் தவிர எனக்கு வேறு கதியில்லை. பீப்பாயோ மூச்சு முட்ட மூடிக் கிடந்தது. முதலாளி தினமும் அதன் முன்னால் நின்று ஜெபம் செய்தார். சோலையண்ணன் வீரபாண்டி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். நான் இரண்டு பக்கமும் வேண்டிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் தன் கடமையில் குறை வைக்காதவர். வாரம் தவறாமல் வந்து முத்திரையை உடைப்பார். அவருடைய பியூன் வெள்ளைச்சாமி எப்போதும் ஒரே பீப்பாயிலிருந்து மாதிரி எடுத்துப் போத்தலில் அடைப்பான். மறுபடியும் தக்கை, மறுபடியும் அரக்கு. பரிசோதனைக்கு அனுப்புகிறோம் என்பார்கள். பதில் மட்டும் வராது. வாரத்துக்கு வாரம் வெள்ளைச்சாமி கொண்டுவருகிற போத்தல் பெரிதாகிக்கொண்டே வந்தது. முதலில் மருந்துப் போத்தல், அப்புறம் சோடாப் போத்தல், அதற்கப்புறம் மண்ணெண்ணெய் டின். பெரிய பரிசோதனையாக இருக்கும் என்று நாங்கள் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தோம். பீப்பாய் அரைவாசியாகிவிட்டது. காலியான அரைவாசியில், வாரா வாரம் திறந்தபோது புகுந்த காற்று உட்கார்ந்துகொண்டது என்பது எங்கள் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை.

அப்படி ஒரு வாரம். இன்ஸ்பெக்டர் உள்ளே முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். மாதிரி எடுத்துக்கொண்டு புளிய மரத்துப் பக்கம் ஒதுங்கிப்போன வெள்ளைச்சாமி, துப்பிக்கொண்டும் இருமிக்கொண்டும் ஓடி வந்தான். முகம் எலுமிச்சங்காயைக் கடித்த மாதிரி கோணியிருந்தது. கண்ணில் தண்ணீர். அதிகாரி எதிரில் நிற்கிறார் என்பது கூட அவனுக்கு நினைவில்லை. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பரிசோதனைச் சாலை எங்கே இருக்கிறது என்று அவருக்கும் எங்களுக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. எல்லாப் பீப்பாய் முத்திரையையும் தன் கையாலேயே உடைத்துவிட்டார். வெள்ளைச்சாமி மட்டும் என் முதலாளியைப் பார்த்து ஆத்திரமாகக் கத்திக்கொண்டிருந்தான்:

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தான்யா இருந்துச்சு! இங்கன ஒருத்தருக்காவது பக்குவம் தெரியுதா? நல்ல சரக்கக் காத்துப்பட வச்சுக் கெடுத்துப்புட்டீகளே!"

இரண்டு போத்தல்

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று மத்தியானமே இரண்டு பீப்பாயிலிருந்து இரண்டு போத்தல் நிறைத்துக்கொண்டு ஜெயமங்கலத்துக்கு நடந்தேன். ஒன்று போதும்தான். ஆனாலும் இரண்டு இருந்தால் சாட்சி பலமாக இருக்குமே. இன்ஸ்பெக்டர் ஒரு பீப்பாயை வைத்து எல்லாவற்றையும் திறந்துவிட்டார் என்பதோ, மாதிரி எடுக்காத பீப்பாய்கள் இன்னும் பழையபடிதான் இருக்கும் என்பதோ அப்போது என் புத்தியில் தட்டவில்லை. இரண்டையும் மோந்துதான் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

மாமா கூடத்தில் உட்கார்ந்து தக்ளியில் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். "வாங்க, உக்காருங்க" என்றார். அந்த மரியாதை இன்னும் போகவில்லை. அடுப்படி நிலைப்படியில் வடிவு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அத்தை. நான் போத்தல் இரண்டையும் அவர் முன்னால் வைத்து, "முத்திரையை எடுத்துட்டாக மாமா. இப்பக் காடியாயிருச்சு" என்றேன். அவர் தக்ளியைக் கீழே வைத்தார். முதல் போத்தலைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். "ம். காடிதான்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

இரண்டாவதைத் திறந்தார். மூக்கருகே கொண்டுபோனவர் அதை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். வெகு தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறவர் மாதிரி அப்படியே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "இது இன்னும் ஆகல. முக்காவாசி அப்படியேதான் இருக்கு. கொஞ்ச நாளு பிடிக்கும்."

இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை, முதலாளிக்குத் தெரியவில்லை, இத்தனை மாதம் அதோடு குடித்தனம் நடத்திய எனக்கும் தெரியவில்லை. "மாமா, அது உங்களுக்கு எப்படி…" என்று ஆரம்பித்துவிட்டேன். அத்தை பதறிப்போய்ச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரில் என் வயதுக்காரர்களுக்குத் தெரியாத ஒன்று அந்த வீட்டுக்குள் இருந்திருக்கிறது. நான் மாமாவைக் கதரில்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வடிவுதான் பேசினாள். எனக்குப் பதில் சொல்வது மாதிரி, ஆனால் அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பாவும் அந்தக் கொஞ்ச நாளத் தாண்டி வந்தவுகதான். அப்ப அம்மா வேணாம்னு விட்டுட்டுப் போயிருந்தா, நாம யாரும் இங்கன இருக்க மாட்டோம்."

மாமா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதர் மேல் அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த பாசம் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, அதற்குப் பின்னாலும் வந்ததில்லை. அத்தையிடம் திரும்பி, வெற்றிலைத் தட்டை எடுத்து வரச் சொன்னார். முதல் போத்தலை ஊறுகாய்க்கு ஆகும் என்று அவள் கையில் கொடுத்தார். இரண்டாவதன் வாயை இறுக்கி மூடி, என் பக்கம் தள்ளி வைத்தார். அதைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நாளு பாத்துட்டுச் சொல்லி அனுப்புறேன், மாப்பிள்ளே. போகையில இத மட்டும் மறக்காம எடுத்துக்கிட்டுப் போயிரு. இங்கன வைக்காத."

* * *

கல்யாணமும் ஆகி, ரப்பர்ப் பாலும் ஒழுங்காக உறைந்து, யுத்தமும் முடிந்து, நாங்கள் பீப்பாய் பீப்பாயாகக் காடி விற்றோம் என்றாலும், எங்கள் காடி எப்போது காடியானது என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த வட்டாரத்தில் இரண்டே பேர்தான்: ஒருவர் எங்கள் ஆலையை மூட வந்தவரின் பியூன், மற்றவர் அதை மூடச் சொல்லி மறியல் செய்தவர்.